மூன்றாவது பெட்டி

1956 ஜூன் 10, ஞாயிறு, மாலை நாலு இருபது. மேல்காற்றில் அறந்தாங்கி ஸ்டேஷன் முழுக்கப் புழுதி. வழக்கம்போல் ரயில் பார்க்க ஊர் கூடியிருந்தது. அந்தக் கூட்டத்தில் அப்பா, அம்மா, தங்கை, நான் என நான்கு பேர் நின்றோம். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் பெண்ணைப் பற்றிப் பேச்சு வரும். அதனால் முதல் பார்வையை ஸ்டேஷனில் வைத்துக்கொள்வது எங்கள் உறவுக்குள் வழக்கம். தங்கைக்கு ஏற்கெனவே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன.

மாப்பிள்ளை மூன்றாவது பெட்டி ஜன்னலிலிருந்து பார்ப்பதாக ஏற்பாடு. இன்ஜின் தண்ணீர் பிடிக்கும் பன்னிரண்டு நிமிடம்தான் அவகாசம். ஐந்து நாள் வந்து எண்ணிப் பார்த்திருந்தேன்; மூன்றாவது பெட்டி குழாயடி வேம்புக்கு நேரே நிற்கும். தங்கையை அங்கே நிறுத்தினேன்.

அன்று பார்த்து இன்ஜினை அடுத்து இரண்டு சரக்குப் பெட்டிகளைச் சேர்த்திருந்தார்கள். வேம்புக்கு நேரே நின்றது முதல் பெட்டி. நான் அதைக் கவனிப்பதற்குள் ஒன்பது நிமிடம் போய்விட்டது. ஓடிப்போய் மூன்றாவது பெட்டியில் ஏறினேன். போட்டோவில் பார்த்த முகம் அங்கே இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்தது. வாசலில் ஒருவர் தொற்றி ஏறினார். அதே முகம், சட்டையெல்லாம் ஈரம்.

"எந்தங்கச்சிய நீங்க பாக்கவே இல்லையே!" என்றேன்.

"குழாயடியில பாத்துட்டேன். தண்ணி குடிக்க அவுகதான் செம்பு குடுத்தாக. நீங்க எங்க கெளம்பிட்டீங்க, மச்சான்?"

மச்சான் என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அபராதம் கட்டினேன். நான்கு பிளாட்பார டிக்கெட்டையும் சேர்த்து மொத்தம் ஒரு ரூபாய் பத்தணா.