எல்லாப் பெட்டியிலும் ‘இல்லை’

ஒஸ்லோவில் ஹோட்டல் படுக்கை விரிப்புகள் தோய்க்கும் சலவைச்சாலையில் பல வருடம் நின்று வேலை செய்தேன். அதை மூடினபோது, வேலையை விட அதோடு வந்த மருத்துவக் காப்புறுதி போய்விடுமே என்றுதான் பயந்தேன். வலது முழங்கால் வீங்கிக் கிடந்தது. காப்புறுதி இருந்தால் கெதியாகச் சத்திரசிகிச்சை செய்யலாம். இல்லாவிட்டால் நீண்ட வரிசையில் நிற்க வேண்டும்.

காப்புறுதிக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. எனக்கு நோர்வே மொழி வாசிக்க வராது. நான் இருந்த குரோருட் பகுதியில் எங்கள் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் வேறொரு கொம்பனிக்குக் காப்புறுதி விற்பவரும்கூட. வந்தவர் கடிதத்தைப் பாதி பார்த்துவிட்டு வடைத் தட்டுக்குக் கீழே வைத்தார்.

“உது முடிஞ்ச கதை, அன்ரி. என்ரை கொம்பனியிலை புதுசா ஒண்டு போடுவம்.”

புதுப் படிவத்தில் நோய்களைக் கேட்ட எல்லாப் பெட்டியிலும் ‘இல்லை’ என்று புள்ளடி போட்டார்.

“தம்பி, முழங்கால்...”

“எங்கடை சனத்திலை ஆருக்கு முழங்கால் நோகேல்லை? உதுகளை வெளியிலை சொல்லுறதே?”

 நானும் வேலையிடத்தில் நொண்டாமல் நடந்து காட்டினவள்தானே. கையெழுத்துப் போட்டேன். அவர் வடை தின்ற விரலை நக்கி, அந்தக் கையாலேயே படிவத்தை எடுத்தார்.

அடுத்த கிழமை சலவைச்சாலையில் இருந்த என் அலமாரியை வெறுமையாக்கப் போனபோது, எண்ணெய் ஊறிய கடிதத்தைக் கூட வேலை செய்த நோர்வேக்காரியிடம் நீட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள். வேலை போனாலும் அதே காப்புறுதியை நானே கட்டித் தொடரலாமாம். ஆறு மாதத்துக்குள் சொன்னால் போதும். நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது.

அங்கிருந்தே படிவம் நிரப்பினவருக்கு ஃபோன் எடுத்தேன்.

“உங்களுக்கு இது தெரியாதோ, தம்பி?”

“தெரியும் அன்ரி. அதிலை எனக்கொண்டும் வராதே!” சிரித்தார்.

 அவரை விட, அந்தப் பொய்க்குக் கீழே கிடந்த என் கையெழுத்தை நினைக்கத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. நோர்வேக்காரி அவரின் கொம்பனியோடு கதைத்துப் புதியதை நிற்பாட்டினாள். பழையதைத் தொடரும் கடிதத்தை நானே தபாலில் போட்டேன்.

சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது அவர் திராட்சைப்பழத்தோடு வந்தார். என்னைப் பார்க்க வந்திருந்த கோயிலில் பழகின பெண்களுக்குச் சொன்னார்:

“அன்ரியின்ரை இன்சூரன்ஸ் எல்லாம் நான்தான் செய்து குடுத்தனான்.”

“இல்லை,” என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

அவர் தான் கொண்டுவந்த திராட்சையில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.