ஊரிகத்தில் வண்டி மோதினால் வாங்கவேண்டிய ராஜிப் பத்திரம்

மாரிகுப்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர, போன புரட்டாசியில் குடியாத்தத்திலிருந்து வண்டி பூட்டினேன். பௌரிங்பேட்டையிலிருந்து அங்கே ரயில் போடப் போகிறார்களாம். அதை நம்பிப் பிரசவத்தைத் தள்ளிவைக்க முடியாதே! பேரணாம்பட்டுக் கணவாய் ஏறி, வெங்கடகிரிக்கோட்டை தாண்டினால் மைசூர் சமஸ்தானம். நாற்பது மைல் சொச்சம், நிதானமாகப் போனால் இரண்டு நாள். எல்லைக்கு அப்பால் நாம் அந்நியர் என்பது, மோதிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

மாரிகுப்பத்தை ஒட்டிய ஊரிகத்தில் தங்கக் கல் இடிக்கும் ஆலை ஓய்வதே இல்லை. நிலம் உள்ளுக்குள் அதிர்கிறது. என் மாடுகள் அதைத் தாங்காமல் மிரண்டு ஓடின. ஷிப்டு முடிந்து சுரங்க ஷாப்டிலிருந்து ஏறிவந்த கூட்டத்தில் ஒருவன் காலில் சக்கரம் ஏறிவிட்டது. தலையிலிருந்து பாதம்வரை கல்தூசி படிந்து வெளுத்திருந்த அவன் கத்தவே இல்லை. பெயர் கேட்டேன். சற்று யோசித்து, "முனுசாமி" என்றான். (இக்கட்டுரையில் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) சொந்தப் பெயரைச் சொல்ல எதற்கு யோசனை என்று நினைத்தேன். நொண்டியபடியே கூட்டத்தில் கலந்துவிட்டான்.

போலீஸ் டாணா ஜமேதார் மாடுகளைப் பிடித்துக் கட்டிவிட்டார். "நீ எல்லை தாண்டிட்டா நான் எங்க தேடறது? அடிபட்டவன் நேர்ல வந்து, புகார் இல்லைன்னு ராஜிப் பத்திரத்துல கைநாட்டு வைக்கணும். அதுவரைக்கும் மாடு இங்க கெடக்கட்டும்."

மாடில்லாமல் தங்கையை எப்படி அழைத்துப்போவது? மறுநாள் காலை தொழிலாளர் குடிசைகளில் விசாரித்து முனுசாமி வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவன் காலில் பற்றுப் போட்டுப் படுத்திருந்தான். மூலையில் விளக்கேற்றி, இலையில் சோறு படைத்திருந்தார்கள்.

"யார் தவறியது?" என்றேன்.

"நான்தான்" என்றான்.

ஓரடி பின்வாங்கினேன்.

அந்தப் பெண்தான் எழுந்து வந்து விளக்கினாள். "ஜொரத்துல செத்தது என் வூட்டுக்காரரு. இவரு அவரு தம்பி. அவரு பேருல வேலை இருந்தாத்தான் இந்தக் குடிசை. ரெண்டு கொழந்தைங்கள வெச்சுக்கினு நான் எங்க போவேன்? தம்பி செத்துட்டாருன்னு ஆபீசுல சொல்லிட்டோம். வாசலுக்கு வெளிய இவரு எனக்குப் புருசன். உள்ள வந்தா கொழுந்தன்."

அண்ணனைப் புதைத்தபோது தம்பி பெயரைச் சொல்லியே குடிசை லைன் முழுக்க அழுததாம். அதைக் கேட்டுக்கொண்டு அந்தத் தம்பியும் நின்றிருக்கிறான்.

டாணாவுக்கு வரமாட்டேன் என்றான். என் தங்கையின் நிலையைச் சொன்னேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "வாங்க, போலாம். புள்ளத்தாச்சிப் பொண்ணு காத்துனு இருக்குது" என்று அவள்தான் கிளம்பினாள். அவனும் எழுந்து நொண்டியபடி பின்னால் வந்தான்.

ஜமேதார் லேசுப்பட்டவர் இல்லை. "உன் புருசன் பேரு இன்னா?" என்றார். அவள் தலைகுனிந்து நின்றாள். எந்தப் பெண் புருஷன் பெயரைச் சொல்வாள்? அதை அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் விடவில்லை.

"அந்த வூட்ல ஒருத்தன் செத்தானாமே. அது யாரு?"

கொழுந்தன் பெயரைச் சொல்லத் தடையில்லை. பக்கத்தில் நின்றவனைப் பார்க்காமல், "எங்க கொழுந்தன். கோயிந்தன். செத்துட்டாரு" என்றாள். சொன்னதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கொழுந்தனுக்காக ஒருத்தி இப்படி அழுவாளா என்று ஜமேதாரே திகைத்துப் போனார். பத்திரத்தை முனுசாமி பக்கம் தள்ளினார். அவன் மையைத் தொட்டுக் கட்டைவிரலை அழுத்தினான்.

மாடு கிடைத்தது. அவர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். சாலையில் வேறு யாரும் இல்லை. மனசு கேட்காமல், "கோவிந்தா, காலைப் பார்த்துக்கொள்ளப்பா" என்றேன். நன்றாக உரத்துத்தான் சொன்னேன். அவன் திரும்பவில்லை. அவள்தான் சட்டென்று திரும்பி, என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். கூப்பிடாதீர்கள் என்று கெஞ்சும் கும்பிடு அது.

தங்கை சுகமாக வந்துசேர்ந்தாள். எல்லையில் அந்தப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டார்கள். நீங்களும் வண்டியோடு போவதானால், ஆலைக்கு முன்பே இறங்கி மாடுகளைக் கையில் பிடித்து நடத்துங்கள். யார்மேலாவது மோதிவிட்டால் ராஜிப் பத்திரம் வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். அடிபட்டவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதையே எழுதுங்கள். இரண்டாம் தடவை கேட்காதீர்கள்.