செவ்வாய்க்கிழமை, மூன்று முதல் நாலரை வரை

என் அண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டினார். அதில் ஒரு நாள்கூட ராகு காலத்தில் வண்டியைக் கிளப்பியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ராகு ஒன்றும் செய்யாது, நின்ற வண்டியைக் கிளப்பினால்தான் குற்றம் என்பது அவருடைய சட்டம். அதனால் வழியில் சாப்பிட இறங்கும்போது ராகு காலம் நெருங்கிவிட்டால் எஞ்சினை அணைக்கவே மாட்டார். ஓட்டல் வாசலில் வண்டி தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டு நிற்கும். உள்ளே அண்ணன் நிதானமாக இரண்டாம் முறை ரசம் கேட்டுக்கொண்டிருப்பார். புகையெல்லாம் சோற்றில் படிகிறது என்று ஓட்டல்காரர்கள் சத்தம் போடுவார்கள். அவர் காதில் எதுவும் ஏறாது.

நான் மேட்டூர் தெர்மல் மின்நிலையத்தில் வேலை பார்ப்பவன். ராகுவும் கேதுவும் எனக்கு எப்போதும் கேலிக்குரிய ஆட்கள்தான். "ராகுவுக்கு உங்க வண்டி நம்பர் தெரியுமாங்ணா?" என்று சீண்டுவேன். நாங்கள் பஞ்சாங்கம் பார்த்து டர்பைனைக் கிளப்பினால் திருச்செங்கோடே இருட்டில் கிடக்கும் என்பேன். அவருக்குக் கோபம் வராது.

"உன்ற மிசினுக்கு ஒண்ணு ஆச்சுன்னா கவர்மெண்டு பாத்துக்கும் சாமி. என்ற வண்டிக்கு நாந்தான இருக்கறன்" என்பார்.

போன வருடம் வண்டியும் அவரும் ஒன்றாகப் படுத்தார்கள். தை மாதம் ரேடியேட்டர் ஒழுகி, சூடேறி, எஞ்சின் பிளாக்கே வெடித்துவிட்டது. கட்டி இழுத்துவந்து நாமக்கல்லில் ஒரு பட்டறையில் நிறுத்தினோம். அடுத்த மாதமே அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது தெரிந்தது. சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்குமாக ஆறு மாதம் அலைந்தோம். கடைசியில் டாக்டர், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அண்ணனுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். "அந்த வண்டிக்கு ஒரு எஞ்சின் போட்டுக் குடுத்துரு சாமி. அது ஓடற சத்தத்த ஒருக்காக் கேட்டுட்டுப் போயிர்றன்."

பழைய இரும்புக்குப் போட வேண்டிய வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. முப்பது வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். லீவு போட்டுவிட்டுப் பட்டறையில் போய் நின்றேன்.

விபத்தில் கேபின் நசுங்கிய ஒரு லாரியின் எஞ்சின் கிடைத்தது. அதே கம்பெனி, நம் வண்டியைவிட நாலைந்து வயது இளையது. மெக்கானிக் சேலத்துக்காரர். ஸ்பேனர்கள் தொங்கும் பலகைக்கு மேலே மாதா படமும் அதைச் சுற்றிச் சிறிய சீரியல் பல்புகளுமாகப் பட்டறையை வைத்திருந்தார். எஞ்சினை இறக்கிப் பார்த்தால், அதைத் தாங்கும் பிடிகள் சேஸிஸில் உள்ள துளைகளுக்கு ஒரு விரல் தள்ளி நின்றன. புதிதாகத் துளை போட்டு, கியர் பாக்ஸை நேர்படுத்திச் சேர்க்க நாலு நாள் ஆயிற்று.

தினமும் சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டு ஒப்பிப்பேன். "கிளட்ச் பிளேட்டு புதுசாப் போட்டீங்களா? பழச மாட்டியுட்டறப் போறான்" என்பார். திங்கட்கிழமை அதே கேள்வியை இரண்டு முறை கேட்டார். குரல் நூலாக இழைத்துக்கொண்டே போனது எனக்குக் கேட்கத்தான் செய்தது. கேட்டும் என் புத்தி எஞ்சினில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் வேலை முடிந்தது. டீசல் குழாயில் காற்று புகுந்திருந்ததால் நட்டைத் தளர்த்திவிட்டு, நுரை போய்ச் சுத்த டீசல் வரும்வரை கைப் பம்பை அடித்துக்கொண்டே இருந்தோம். நிமிர்ந்து பார்த்தபோது மணி மூன்று தாண்டிவிட்டது.

"டீசல் ஏறிருச்சுங்க. செல்ப் அடிச்சுப் பாத்தரலாங்களா?" என்றார் மெக்கானிக். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "எங்களுக்கு ராகு காலமெல்லாம் இல்லீங்க. உங்க வண்டி, நீங்க சொல்றதுதானுங்க."

அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணி ஸ்பீக்கரில் போட்டு அவர் காதருகே பிடித்துக்கொண்டார்.

"வேலை முடிஞ்சுதுங்ணா. நாலரைக்குக் கிளப்பி நேரா ஊட்டுக்கே கொண்டாந்தர்றேன்."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இப்பவே போடு சாமி" என்றார்.

"ராகு காலமுங்ணா."

"இருந்துட்டுப் போவுது. போடு."

அண்ணியும், "அவுரே சொல்றாருங்க தம்பி, போட்டுருங்க" என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. "இத்தன வருசம் பாத்துப்போட்டு இன்னைக்கு உடலாமுங்களா? சித்த பொறுங்ணா. ஒன்றர மணி நேரந்தான்."

"செரி. நீ சொன்னாச் செரி" என்றார் அண்ணன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பயம்தான். எஞ்சின் பிடிக்காமல் போனால் ராகுவால்தான் என்று அவர் நினைத்துக்கொள்வாரே என்ற பயம். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நானே அப்படி நினைத்துவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. அவர் தன் சட்டத்தையே விட்டுக்கொடுக்கிறார் என்றால் அவரிடம் நேரம் இல்லை என்று அர்த்தம். எத்தனையோ மீட்டர்களைப் பார்த்து ஆபத்தைச் சொல்லத் தெரிந்த எனக்கு அது புரியவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் கண்ணாடியைத் துடைத்தேன். அண்ணி பையில் கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழங்களை டயருக்கு ஒன்றாக வைத்தேன். கேபினில் அண்ணனின் துண்டு அப்படியே மடித்துக் கிடந்தது. ஸ்டியரிங்குக்கு மேலே அவர் ஒட்டிவைத்திருந்த ராகு கால அட்டவணையில் செவ்வாய்க்கிழமை வரி விரல் பட்டுப்பட்டு மங்கிப்போயிருந்தது. மெக்கானிக்கோடு இரண்டு டீ குடித்தேன். சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரியாக நாலரைக்குச் சூடம் காட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அண்ணியின் போனுக்கு அடித்தேன். எடுத்தது தெரிந்ததும், "கேளுங்ணா!" என்று கத்திவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை எஞ்சின் மூடியின் மேல் வைத்துச் சாவியைத் திருப்பினேன். முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை கரும்புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. மெக்கானிக் சிலுவை போட்டுக்கொண்டார். எலுமிச்சம்பழம் நசுங்க வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்தி நிறுத்தி, ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விட்டேன். நல்ல சத்தம். அண்ணன் கேட்டால் குறை சொல்ல முடியாத சத்தம். ஒரு நிமிடமாவது அப்படிக் காட்டியிருப்பேன்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு கீழே குதித்து, சத்தம் குறையும் தூரம் ஓடிப்போய்க் காதில் வைத்தேன். அண்ணியோடு இன்னும் இரண்டு மூன்று பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

"நாலு மணிக்கே போயிட்டாருங்க தம்பி" என்றார் அண்ணி. "உங்குளுக்கு எப்படிச் சொல்றதுன்னு போனக் கையில வெச்சுட்டே உக்காந்திருந்தனுங்க."

மெக்கானிக்தான் வண்டியை ஓட்டினார். நான் பக்கத்தில் அண்ணனின் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும் எஞ்சினை அணைக்க வேண்டாம் என்றேன். பந்தல் போட வந்தவர்கள் சத்தமாக இருக்கிறது என்றார்கள். புகை உள்ளே வருகிறது என்றார்கள். என் காதில் எதுவும் ஏறவில்லை. உள்ளே போய் அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து அண்ணி வந்து என் தோளைத் தொட்டு, "போதுமுங்க தம்பி" என்ற பிறகுதான் எழுந்துபோய் அணைத்தேன்.

எனக்கு ராகு காலத்தில் அதற்கு முன்பும் நம்பிக்கை இல்லை, இப்போதும் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் நம்பித் தொலைத்தேன்.

அண்ணி வண்டியை விற்கவில்லை, டிரைவர் போட்டு ஓட்டுகிறார். முதல் நாள் சாவியை வாங்கியபோது அந்த டிரைவர் ஸ்டியரிங்குக்கு மேலிருந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, "ராகு காலம் பாக்கோணுங்களாக்கா?" என்று கேட்டார்.

"வேண்டாஞ் சாமி. யாராச்சும் காத்துட்டு இருப்பாங்க. நீ எடுத்துட்டுப் போ" என்றார் அண்ணி.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.