நேற்றைய தேதி

என் மகள் பள்ளிக்காக எங்கள் குடும்ப வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறாள். தாத்தாவின் பெருமைகளை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன், ஒரு டிக்கெட் விவகாரத்தைத் தவிர.

அப்பா மதுரைக்குக் கிழக்கே ஒரு சின்ன ரயில்வே ஹால்ட்டில் டிக்கெட் விற்கும் ஏஜெண்ட். ரயில்வே அவருக்குச் சீருடைகூடக் கொடுக்கவில்லை; ஊர்தான் அவரை ஸ்டேஷன் மாஸ்டராக்கி வைத்திருந்தது. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றாலும் அப்பாவின் டிக்கெட் ஜன்னலுக்குத்தான் வருவார்கள். அப்பாவில் பாதி ஊருக்கே போய்விட்டது. மிச்சத்தில் எனக்கென்று இருந்தது தேதி மெஷின் ஒன்றுதான். காலை பாசஞ்சருக்கு முன்னால் அட்டை டிக்கெட்டை அதில் செருகினால் டக்கென்று அன்றைய தேதி விழும். அந்த வேலை என்னுடையது.

ஐந்தாம் வகுப்பில் அது பறிபோனது. என் வகுப்புக்காரி ஒருத்தி, தகப்பன் இல்லாதவள், தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் வீடு. ஒருநாள் காலையில் அப்பா அவளை என் ஸ்டூலில் உட்கார வைத்து, "இனிமே பாப்பாதான் தேதி அடிக்கும்" என்றார். பாப்பாவாம்! என்னை அப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது. வேலை முடிந்ததும் எங்கள் அடுப்படியில், என் அம்மா கையால், நாலு இட்லி வேறு. அவள் சட்னி தொட்டுக்கொள்வதைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் ஊருக்கு உயர்நிலைப் பள்ளி கேட்டு மதுரைக் கலெக்டரிடம் மனுக் கொடுக்க அப்பா ஆள் திரட்டினார். திங்கட்கிழமை காலை ஹால்ட்டில் திருவிழாக் கூட்டம். அப்பா மெஷினில் தேதியை வைத்துவிட்டு, வெளியே வரிசையைச் சரிசெய்யப் போனார். அவள் இன்னும் வரவில்லை. தேதி எண்ணை மாற்றும் வித்தை எனக்குத் தெரியும். ஒருநாள் பின்னால் தள்ளிவைத்தேன். திட்டு அவளுக்கு விழட்டும். அவள் வந்து, ஒன்றும் அறியாமல், டக் டக்கென்று அடித்துத் தள்ளினாள். அவசரத்தில் அப்பாவும் கவனிக்கவில்லை.

மதுரையில் ஊர் மொத்தமும் நேற்றைய டிக்கெட்டோடு இறங்கியது. முன்னால் வெள்ளைச் சட்டையில் அப்பா. பரிசோதகர் எல்லோரையும் நிறுத்திவைத்து, விசாரித்து, விட்டபோது மனு வாங்கும் நேரம் முடிந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் ஜன்னலில் ஒரே சத்தம். "பச்சப்புள்ள கையில மெஷினக் குடுத்தா இப்படித்தாண்ணே ஆகும்!"

"தேதிய வச்சது நான். புள்ளைய ஒண்ணும் சொல்லாதீக" என்றார் அப்பா. அப்போதும் அவளுக்குத்தான் பரிந்து பேசுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஏஜெண்டைத் தவிர யாரும் மெஷினைத் தொடக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எனக்கும் இல்லை; போகட்டும், அவளுக்கும் இல்லை. அன்றே அவளுடைய அம்மா வந்தாள். "புள்ள எப்பவும்போல சாப்டுட்டுப் பள்ளிக்கூடம் போகட்டும் தாயி" என்று அப்பா கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"வேலை பாத்துச் சாப்புட்டா சரிண்ணே. சும்மா திங்க எம்புள்ளயப் பழக்க மாட்டேன். என்கூடச் செங்கச்சூளைக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க கஞ்சி ஊத்துறாக."

தேதி அச்சடிப்பதற்குக் கூலியாக அப்பா அவளுக்கு இட்லி கொடுத்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இட்லி கொடுப்பதற்காகவே அச்சடிக்க வைத்தார் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அம்மா பழக்கதோஷத்தில் நாலு இட்லி கூடுதலாக அவித்துவிட்டாள். அப்பாவிடம் தட்டை நகர்த்தினாள், அவர் தொடவில்லை. நான் இழுத்துக்கொண்டேன். நாலையும் சட்னி தொட்டுத் தின்றேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னை மட்டும் பார்க்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.