ஷட்டர் இல்லாத கடை

கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார் பொன்னுராஜ். இடதுபக்கத் தூணில் ஒரு முடிச்சு, வலதுபக்க ஆணியில் இரண்டு சுற்று. இடுப்புயரத்தில் குறுக்கே ஓடும் பச்சை நைலான் கயிறு. அவ்வளவுதான் பூட்டு. ஒருமுறை சுண்டிப் பார்த்துவிட்டு அதனிடமே சொல்கிறார்: "இங்கனயே நில்லு. எங்கனயும் போயிராத." பிறகு வெற்றிலைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார்.

கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் ஷட்டர் இல்லாத கடை இது ஒன்றுதான். காலை ஐந்து மணிக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்கள் இங்கே வெற்றிலை, புகையிலையால் வாயை நிரப்பிக்கொண்டுதான் ஜீப்பில் ஏறுவார்கள். வாய்க்கு மட்டும் இல்லை. தோட்டத்தில் காலைப் பிடிக்கும் அட்டைமேல் புகையிலைச் சாற்றைத் துப்பினால் அது சுருண்டு விழுந்துவிடும். "இது வெத்தலக்கடை இல்ல, மெடிக்கலு" என்பார் பொன்னுராஜ்.

ஐம்பது வயது. சட்டையில் மேல் மூன்று பொத்தானுக்கு வேலை கிடையாது. பேச்சு மூக்கில் தொடங்கி வயிற்றில் முடியும். எதிர்த்த டீக்கடையில் நான் அந்தக் குரலை எடுத்துப் பேசிக் காட்டும்போது, கல்லாவிலிருந்தே எட்டிப் பார்ப்பார்: "ஏலே, நான் இங்கன இருக்கேன். அங்கன நின்னு பேசுற நான் யாருடா?"

ஆறு வருடம் பப்புவா நியூ கினியில் இருந்தவர். ஆஸ்திரேலியாவுக்கு மேலே இருக்கிற தீவு நாடு; தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் சூப்பர்வைசர். அந்த நாட்டு அரசியலை அவர் சொல்லக் கேட்க வேண்டும். "ஆஸ்திரேலியாக்காரன் கொடிய எறக்கிட்டு போயிட்டான். கம்பிய மட்டும் விட்டுட்டுப் போயிட்டான். கடைக்குக் கம்பி, வீட்டுக்குக் கம்பி, பஸ்ஸு கண்ணாடிக்கும் கம்பி. மந்திரிசபை கவுறப்போகுதுன்னா எம்.பி.மாரெல்லாம் கூட்டமா ஓட்டல்ல போய்ப் படுத்துக்குவாக. நம்ம ஆளுககிட்ட கத்துக்கிட்டாகளா, அவுககிட்ட நாம கத்துக்கிட்டமான்னுதான் தெரியல."

அங்கே தாதாக் கும்பலுக்குப் பெயர் 'ராஸ்கோல்'. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இது அவருக்குத் தெரியாது. வாசல் காவலாளி "ராஸ்கோல்! ராஸ்கோல்!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தான். எல்லோரும் மாவு மூட்டைக்குப் பின்னால் பதுங்கினார்கள். பொன்னுராஜ் மட்டும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவனை வாசல்வரை விரட்டினார். "யாரப் பாத்துடா ராஸ்கல்ங்கிற? எங்கப்பனே என்னைய அப்பிடிச் சொன்னதில்லடா!" வாசலில் நீளக் கத்தியோடு நாலு பேர். தங்கள் உத்தியோகத்தின் பெயரைக் கத்தியதற்காகக் காவலாளியையே விரட்டிக்கொண்டு வருகிற ஒருத்தனை அவர்கள் பார்த்ததே இல்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"ஓட்டு எடுக்கையில ராஸ்கலுக்கு வேலை, எடுத்தபெறகு ராஸ்கலுக்குக் கேசு. பாவம்டா அவனுகளும்" என்பார்.

ஒரு ஜனவரியில், சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள் என்று போலீஸ்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் எரிந்தது. இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் அவர் குரலை என்னால் எடுக்க முடிவதில்லை.

"மொதலாளி முன்பக்க கிரில்லப் பூட்டி, சாவியையும் கொண்டு போயிட்டாக. உள்ள நாங்க அஞ்சு பேரு. பின்னாடி குடோன்ல ஷட்டரு கெட்டியா இருக்குன்னு ஆண்டிபட்டி இம்மானுவேல் அங்கன போய்ப் பூட்டிக்கிட்டாரு. தீ வச்சிட்டாக. முன்பக்க கிரில்லக் கடப்பாறையால ஒடச்சது யாருங்கிற? கொள்ளையடிக்க வந்த பயலுகதான். அந்த ஓட்டை வழியாத்தான் நாங்க நாலு பேரும் வெளிய வந்தோம். அவன் அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுறான், நான் உசுரத் தூக்கிக்கிட்டு ஓடுறேன்."

குடோன் ஷட்டர் கடைசிவரை கெட்டியாகவே இருந்தது. இம்மானுவேல் பெட்டியில்தான் ஆண்டிபட்டி திரும்பினார்.

ஊருக்கு வந்து இந்தக் கடையைப் பிடித்ததும் பொன்னுராஜ் செய்த முதல் வேலை, இருந்த ஷட்டரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டது. அவர் மனைவி ராஜாத்திக்கு அதில் இன்றுவரை வயிற்றெரிச்சல். புதுசு மாட்டவேண்டும் என்று மாதம் ஒருமுறை வெல்டரைக் கூட்டிவந்து அளவெடுப்பார். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பவர் பொன்னுராஜ் என்பதால் வாசல் ஒவ்வொரு மாதமும் ஒரு அளவு காட்டும்.

போன ஆவணியில் ஒரு விடிகாலை. கட்சித் தலைவர் ஒருவரைக் கைதுசெய்துவிட்டார்கள் என்று கடையடைப்பு. நாலு பைக்கில் அம்மாவாசியும் அவன் ஆட்களும் வந்தார்கள். அம்மாவாசி மூன்று கட்சி பார்த்தவன். துண்டின் கரை மாறியிருக்கிறது. கையிலிருக்கும் இரும்புக்குழாய் அதேதான். தெரு முழுக்க ஷட்டர்கள் தடதடவென்று இறங்கின. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். பொன்னுராஜ் கடை முன்னால் மட்டும் பெண்கள் கூட்டம்.

"யோவ், ஷட்டர எறக்கு."

"எங்கன இருக்குன்னு காட்டு அம்மாவாசி, எறக்குறேன்."

அம்மாவாசி அண்ணாந்து பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். ஜீப்பின் பின்சீட்டிலிருந்து, தோட்டவேலைக்குப் போகும் மொக்கம்மாள் குரல் கொடுத்தார்: "நல்லாத் தேடுப்பா. ஒந்துண்டுக்குள்ள கெடக்கான்னும் ஒரு எட்டுப் பாரு!"

ஜீப்பே சிரித்தது. அதுதான் வினையானது. அம்மாவாசி குழாயை ஒரு வீச்சு வீசினான். கடலைமிட்டாய் பாட்டில் நொறுங்கிப் படியெல்லாம் கண்ணாடி.

"சாயங்காலம் வருவேன். தொறந்து கெடந்துச்சுன்னா, கடையே இருக்காது."

பைக்குகள் போயின. பொன்னுராஜ் அடுத்த வெற்றிலைக்குக் காம்பு கிள்ளினார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த ராஜாத்தி கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே தொடங்கினார். "தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீகளா? ஒரு ஷட்டரு இருந்திருந்தா…"

"இருந்திருந்தா எறக்கியிருப்பேன், ராஜாத்தி. எனக்கும் பயந்தான."

ராஜாத்தி கூட்டிய கண்ணாடியை முறத்தில் அள்ளினார்.

ஜீப் கிளம்ப உறுமியது. மேலே அரிசிச் சாக்கு ஒன்று கட்டப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது. "அண்ணே, ஒரு முழம் கயிறு கெடைக்குமா?" என்றார் மொக்கம்மாள்.

பொன்னுராஜ், பகலில் கயிறு தொங்கும் வாசல் தூணைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்தார். பச்சைக் கயிற்றை முழங்கையில் முழுசாகச் சுற்றி எடுத்து, ஜீப்புக்குள் வீசினார். "இது கையில இருந்தா சாயங்காலம் கட்டிப்புடுவேன், கொண்டு போ."