கடைசிப் பந்தி ஆட்களுக்கு முதல் ஊசி

இந்த நாட்டில் யாரும் என்னைக் குண்டு என்று சொல்வதில்லை. வந்து இத்தனை வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. துணிக்கடைக்குப் போனால், விற்கிற பெண் என்னை ஏற இறங்கப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டே ‘ஜெனரஸ் ஃபிட்’ இருக்கிற வரிசையைக் கை காட்டுவாள். தாராளமான சட்டையாம். ராஜபாளையத்தில் தையல்காரர் அளவெடுக்கும்போதே, “டேப்பு பத்தாதுண்ணே, இன்னொண்ணு எடுத்தாரட்டா?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்னை ‘லாவு’ என்பார்கள், தமிழ் பேசுகிறவர்கள் ‘குண்டோதரா’ என்பார்கள். இரு மொழியிலும் புகழ் பெற்றவன் நான். இங்கிலாந்தின் வடக்கே, பிஸ்கட் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கிற இந்தச் சின்ன ஊருக்கு வந்த பிறகு அந்தப் புகழெல்லாம் போய்விட்டது.

தடுப்பூசி வந்த வருடம், மாசி மாதக் குளிரில் ஒரு நாள் கைபேசிக்கு டாக்டர் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. என் உடல்நிலை காரணமாக எனக்கு முன்னுரிமை தரப்பட்டிருக்கிறது, உடனே வந்து ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றது. எனக்கு என்ன உடல்நிலை? சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. ஏதோ பெரிய வியாதியை என்னிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று பயந்து மனைவி சுமதியிடம் காட்டினேன். சோழபுரத்துக்காரி, கீரையும் கேழ்வரகுமாய்த் தின்று, காலையில் ஓடி, உடம்பைக் குச்சியாக வைத்திருப்பவள். அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். “ஏங்க, இம்புட்டு நாளா வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கெடக்கேன். எனக்கு இல்ல, உங்களுக்கா?” அப்போதுதான் எனக்கும் உறைத்தது. முன்னெப்போதோ அங்கே பெயர் பதியப் போனபோது என்னை எடை பார்த்திருந்தார்கள்.

ஊசி போட்ட நர்ஸ் பாட்டி வயதுக்காரர், சிரித்த முகம். “ஏன் என்னை முதலில் கூப்பிட்டீர்கள்? நான் குண்டாக இருப்பதாலா?” என்று ஆங்கிலத்தில் நேராகவே கேட்டேன். அவர் முகம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. “ஐயோ, அப்படியெல்லாம் நாங்கள் சொல்வதில்லை” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரோ என் மனதைப் புண்படுத்திவிட்டார்கள் என்று நினைத்தார். புகார் கொடுக்க வேண்டுமா என்றுகூடக் கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? என் புஜத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, எடுத்திருந்த ஊசியை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். மருந்து எல்லாருக்கும் ஒரே அளவுதான், சதைக்குள் சரியாக இறங்க ஊசி மட்டும் கொஞ்சம் நீளம் என்றார். குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியம் போலச் சொன்னார்.

என் சந்தோஷம் புரிய வேண்டுமென்றால் நாங்கள் வளர்ந்த விதம் தெரிய வேண்டும். நானும் என் அக்கா மாரியம்மாளும் பிறந்ததிலிருந்தே உடம்புக்காரர்கள். எங்கள் அப்பா நூற்பு மில்லில் வேலை பார்த்தார். வீட்டில் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. இருந்தும் ஊதினோம். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுத்தால் கடைசி வரிசை. கோயில் தேர் பார்க்கப் போனால் மறைக்கிறோம் என்று பின்னால் தள்ளுவார்கள். கல்யாண வீட்டில் பந்தி போட்டால் எங்கள் இருவருக்கும் கடைசிப் பந்திதான். யாரும் அடித்து விரட்டவில்லை. “நீங்க பொறவு சாவகாசமா உக்காருங்க” என்பார்கள். இரண்டு இலைக்கான இடத்தை எங்களில் ஒவ்வொருவரும் அடைத்துக்கொள்வோம் என்பது அதன் பொருள். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஸ்ரீவில்லிபுத்தூரில் ஷேர் ஆட்டோ வந்தால் டிரைவர்கள் அவளைப் பார்த்ததுமே, “அக்கா, அடுத்த வண்டி பின்னாலயே வருது” என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நிற்பாள். நாளடைவில் யாரும் சொல்லாமலே தானாக ஒதுங்கப் பழகிவிட்டாள். நானும்தான். வாழ்க்கையில் முதல் முறையாக, என் உடம்பைக் காரணம் சொல்லி ஒருவர் ‘நீ முன்னால் வா’ என்றார். துள்ளிக் குதித்திருப்பேன், தரை தாங்காதே என்றுதான் பார்த்தேன்.

தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் இது பெரிய வழக்காகிவிட்டது. என்னோடு பெட்டி கட்டுகிற மாரெக் போலந்துக்காரன். தினமும் ஓடுகிறவன், ரொட்டியைக்கூட நிறுத்துப் பார்த்துத் தின்கிறவன். “நான் உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன், காத்திருக்கிறேன். நீ பார்த்துக்கொள்ளவில்லை, உனக்கு முதலில். இது என்ன நியாயம்?” என்று கேட்டான். கோபம் இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். அவனுக்கு ஊரில் வயதான அம்மா இருந்தாள், அந்தக் கவலை வேறு. வழக்கம்போல, “வேண்டுமானால் என் இடத்தை நீ எடுத்துக்கொள்ளேன்” என்று வாய்வரை வந்துவிட்டது. ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று என்பதால் தப்பித்தேன்.

பிறகு அதைப் பற்றி நிறைய யோசித்தேன். மாரெக் கேட்டது நல்ல கேள்வி. தடுப்பூசியை நல்ல பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மிட்டாய் என்று நினைத்தால் அவன் சொன்னதுதான் சரி. ஆனால் கிணற்றில் நாலு பேர் விழுந்து கிடக்கும்போது, யார் ஒழுங்காக நீச்சல் கற்றுக்கொண்டார்கள் என்று விசாரித்தா கயிறு போடுகிறோம்? யார் முதலில் மூழ்குவார் என்று பார்க்கிறோம். கனத்த உடம்புக்காரர்களை இந்த நோய் அதிகமாகப் படுத்துகிறது, மூச்சுக்குத் தவிக்க விடுகிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்த உடம்பு பரோட்டாவால் வந்ததா, தைராய்டால் வந்ததா, அப்பன் வழியில் வந்ததா என்று நோய் கேட்பதில்லை. மருந்து மட்டும் ஏன் கேட்க வேண்டும்? இதை என் ஓட்டை ஆங்கிலத்தில் மாரெக்கிடம் சொன்னேன். அவன் ரொட்டியை மென்றுகொண்டே, “சரி, ஆனால் ஓடுவதற்காவது வா” என்றான். அது மட்டும் நடக்காது என்றேன்.

ஜெயித்த சந்தோஷத்தில் அக்காவைக் கூப்பிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறாள். வயது நாற்பத்தாறு, உடம்பில் என்னையும் மிஞ்சியவள். அப்போது நம் நாட்டில் அறுபது தாண்டியவர்களுக்கும், நாற்பத்தைந்து தாண்டி நோய்ச் சான்று வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான் ஊசி. அக்கா டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். சர்க்கரை உண்டா, இல்லை. இதயக் கோளாறு உண்டா, இல்லை. “உடம்பு கனம்னா அது நோய்க் கணக்குல வராதும்மா” என்று அனுப்பிவிட்டார்கள். “நோயில்லாம இருக்கது ஒரு குத்தமால?” என்று அக்கா என்னிடம் சிரித்தாள். கடலுக்கு இந்தப் பக்கம் என்னை முன்னால் இழுத்த அதே உடம்பு, அந்தப் பக்கம் அவளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்திரை பிறக்கும் முன்பே நாற்பத்தைந்து தாண்டிய எல்லாருக்கும் போடலாம் என்று வந்துவிட்டது. கூடவே இரண்டாவது அலையும் வந்துவிட்டது. அக்கா கடைக்கு எதிரே லாரி வைத்திருந்த அண்ணன் ஒருவரை, எங்களைப் போலவே பெரிய உடம்பு, மூச்சுத் திணற மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. நான் தினமும் அக்காவைக் கூப்பிட்டு, போட்டாச்சா என்று கேட்பேன். தினமும் ஒரு சாக்கு. மருந்து குறைச்சலாக வருகிறது, டோக்கன் கொடுக்கிறார்கள், அவள் முறை வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. அத்தான்தான் ஒரு நாள் போனைப் பிடுங்கி உண்மையைச் சொன்னார். “மாப்ள, ஒங்க அக்கா டோக்கன் வாங்குதா. வாங்கிட்டு, பின்னால நிக்கவுகளுக்குக் குடுத்துட்டு வந்துருதா. எல்லா முகாம்லயும் இதே கதைதான்.”

எனக்கு வந்த கோபத்தில் அக்கா என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். “ஒனக்கு என்ன கிறுக்கா? லாரிக்கார அண்ணனப் பாத்தேல்ல?”

“கத்தாதல. மருந்து பத்தல. மகாராஜபுரத்துலருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து நிக்காக. நான் பெரிய உடம்பு. எனக்குப் போட்டா ரெண்டு பேரு மருந்து போயிரும். அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?”

ஆட்டோவில் இரண்டு சீட்டு, பந்தியில் இரண்டு இலை, ஜாக்கெட்டில் இரண்டு மடங்கு துணி. ஆயுள் முழுக்க அவள் காதில் விழுந்த கணக்கு அது. மருந்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி, உயிரையே விட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“அக்கா, மருந்து எல்லாருக்கும் ஒரே அளவுதான். எனக்கும் ஒல்லிக் குச்சிக்கும் ஒரே சொட்டுதான். எனக்குப் போட்ட நர்சம்மாவே சொன்னாங்க. இங்க எனக்குப் போட்ட அதே மருந்துதான் அங்க வேற பேர்ல வருது.”

மறுமுனையில் தையல் மிஷின் சத்தம் நின்றது. “நெசமாவா?”

“என் மேல சத்தியமா.”

“அப்ப நான் யாரு பங்கையும் எடுக்கலையால?” என்று கேட்டாள். குரல் உடைந்துவிட்டது. அவள் அழுது நான் அதிகம் கேட்டதில்லை. நானும் அழுதேன், அதை ஒளிப்பானேன்.

அடுத்த முகாம் நடந்த அன்று காலை வேலைக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்ததும் ஒரே கூச்சல். “ஏலே, போட்டுட்டேன்! மொத ஆளா போட்டுட்டேன்!” நான் அமைதியாகச் சொல்லு என்றேன். அமைதியாகவா, அக்காவா?

பள்ளிக்கூடத்தில் வரிசை. அக்கா விடியும் முன்பே போய் முன்னால் நின்றிருக்கிறாள். டோக்கன் வாங்கிவிட்டாள். ஊரில் செல்வாக்குள்ள ஒருவர், தினமும் நடைப்பயிற்சி போகிறவர், வெள்ளை வேட்டியோடு வந்து, “ஏம்மா, நீ செத்த நேரம் தள்ளி நில்லு, பொறவு சாவகாசமா போட்டுக்க” என்றிருக்கிறார். வழக்கமாகச் சொல்கிற அதே சொல்.

“நான் என்ன சொன்னேன் தெரியுமால? ‘ஐயா, என் எடை எம்புட்டுன்னு தெரியுமா? நூத்திப் பதினெட்டு கிலோ! இந்தச் சீக்கு வந்தா ஒங்களுக்கு இருமும், எனக்கு மூச்சு நின்னுரும். மருந்து எல்லாருக்கும் ஒரே அளவுதான். நான் நவுல மாட்டேன்’னு சொல்லிட்டேன்.”

கட்டின புருஷனிடம்கூட எடையைச் சொல்லாதவள். கண் பட்டுவிடும் என்று நாலு பேர் முன்னால் எடை மிஷினில் ஏறவே மறுத்தவள். அந்தக் கூட்டத்தில் கிலோக் கணக்கில் சொல்லியிருக்கிறாள். “அப்புறம்?” என்றேன்.

“எல்லாம் சிரிச்சுட்டாக. உள்ளருந்து நர்சம்மா எந்திரிச்சு வந்துட்டாக. ‘அந்தக்கா சொல்லுதது சரிதான், ஆசுபத்திரில நாங்க பாக்கத்தான செய்யுதோம். ஒடம்பு கனமானவுக யாரும் இருந்தா முன்னால வாங்க’ன்னுட்டாக. ஒருத்தரும் அசையல, வெக்கம். பொறவு கடைசிலருந்து ஒரு மகாராஜபுரத்துப் பொம்பள, ‘நானும் தொண்ணூத்தஞ்சுக்கா’ன்னு வந்தா பாரு! அவ பின்னால இன்னொருத்தி. எல்லாம் கடைசில ஒளிஞ்சு நின்ன ஆளுகல. அம்புட்டுப் பேரும் முன்னால வந்துட்டோம். ஒங்க அத்தான் கை தட்டுதாக, அவியளுக்குப் பெருமையப் பாரேன்!”

நான் அந்தக் குளிரில் நடைபாதையில் நின்று கத்திச் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் முகக்கவசத்துக்கு மேலே கண்ணை விரித்துப் பார்த்தார்கள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. கால் தானாகப் பின்வாங்கியது. எல்லாரும் ஏறட்டும், நாம் கடைசியில் ஏறலாம் என்று. காதில் அக்கா, “நவுல மாட்டேன்னுட்டேம்ல” என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வரிசையில் நான்தான் முதலில் நின்றிருந்தேன். முதலிலேயே ஏறினேன்.

எங்கே போக வேண்டும் என்று டிரைவர் கேட்டார். “ஸ்ரீவில்லிபுத்தூர்” என்றேன். வாய் தவறித்தான் சொன்னேன், ஆனால் திருத்தத் தோன்றவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த ஊர் தனக்குத் தெரியவில்லை, இந்த வண்டி பிஸ்கட் தொழிற்சாலை வரைதான் போகும், பரவாயில்லையா என்றார். இன்றைக்கு அதுவரை போதும் என்று சொல்லி, முன்வரிசையில் இருவர் இருக்கையின் நடுவில் உட்கார்ந்து, அக்கா சொல்வதற்கெல்லாம் ஊம் கொட்டிக்கொண்டே போனேன்.