குன்சாங் அத்தை காத்த தீ

"ஏம்மா, உள்ள தீ தெரியலியே," என்றார் ஜனக்பூரிலிருந்து வந்த பெரியவர், மடத்து வாசலில் செருப்பைத் தேடியபடி.

"குனிஞ்சு பாத்தீங்களா, தாத்தா?" என்று கேட்டாள் சிமி.

"மண்டி போட்டே பாத்தேன். போன ஜென்மத்துப் பாவம், கொடுத்துவைக்கல."

பின்னால் வந்த அவர் மனைவி, "அவ்வளவு தூரம் ஏன் போறீங்க? இந்த ஜென்மத்துலயே வேணுங்கறது இருக்கு," என்றாள்.

"அப்ப உனக்குத் தெரிஞ்சுதாக்கும்?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சிமிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து வந்த பௌத்தக் கிழவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனபோது சிரிப்பு நின்றது. உள்ளே போனாள்.

முக்திநாத்தின் மேல்கோடியில் இருந்தது அந்தச் சிறு மடம். பாறைப் பிளவில் கசியும் வாயுவில் தானாக எரியும் தீயை அம்மன் என்று கும்பிடுகிறவர்களுக்கும், பௌத்த மகான் குரு ரின்போச்சேயின் அருள் என்று வணங்குகிறவர்களுக்கும் முப்பத்தெட்டு வருடமாகத் திரை விலக்கிக் காட்டுகிறவள் பிக்குணி குன்சாங், சிமியின் அத்தை. முழங்கால்கள் வீங்கிப்போயிருந்தன.

"பாத்தாச்சா? நகருங்க. பின்னால ஆள் நிக்குது," என்றாள், வந்திருப்பது சிமி என்று தெரியாமல்.

விலகிய திரைக்குப் பின்னே துளை இருண்டு கிடந்தது. காற்றில் எப்போதோ அணைந்திருக்கிறது. காலையிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த இருட்டைக் கும்பிட்டுத் தங்களையே நொந்துகொண்டு போயிருக்கிறார்கள். அத்தையும் அந்த இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிமி கதவைச் சாத்திவிட்டுத் தீக்குச்சி கிழித்தாள். துளையில் நீலச் சுடர் பற்றிக்கொண்டது.

"எத்தனை நாளா, அத்தை?"

"போன பனிக்காலத்துலேர்ந்து. ஆள் நிழலாத் தெரியும். சுடர் தெரியாது."

"ஊர்ல சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி? உன்னை மொட்டையடிச்சு இங்க உக்கார வைக்கவா?"

வீட்டின் இரண்டாவது பெண்ணை மடத்துக்கு விடுவது அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். அத்தை அப்படி வந்தவள். அவளால் முடியாது என்றானால் அடுத்தது இரண்டாவதாகப் பிறந்த சிமிதான். சிமிக்கோ ஜோம்சோம் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது; சேர இன்னும் ஒரு மாதம் இருந்தது. வேலையில் சேர்ந்துவிட்ட பெண்ணை ஊர் கூப்பிடாது.

வெளியே கதவைத் தட்டினார்கள். அத்தை சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

"இன்னும் ஒரு மாசம்தானே, தாங்கிடுவேன். நீ போனதும் நானே சொல்லிட்டுப் படுத்துக்கறேன். அதுவரைக்கும் ஒண்ணு மட்டும் செய், சிமி. தினம் காலைல கூட்டத்தோட கூட்டமா வந்து நில்லு. தீ அணைஞ்சிருந்தா, ஒரு தடவை இருமு."